பையைக் கிழித்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரிந்தால் சண்டைக்கு வருவார். பெயரை மறைப்பது, முகத்தை மறைப்பது எல்லாம் அவருக்கு அறவே ஆகாது. ஆனால் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, மருந்து வாங்க வரும் ஒருவருடைய பெயரையும் வெளியே விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். இன்றைக்கும் அதே கடையில்தான் நிற்கிறேன். ஆகவே அவர் இங்கே 'அவர்'தான். கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் பேசியது பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. எனக்குள் அது எப்போதும் மட்டக்களப்புத் தமிழாகத்தான் கேட்கும். எங்கள் கடை முதலாளியின் பிரெஞ்சு வானொலிச் செய்தி வாசிப்பதுபோலக் கேட்கும். எனக்குக் கேட்டபடியே எழுதுகிறேன்.

கடை கனடாவின் மொன்றியல் நகரத்தில், வில்லரே என்ற பகுதியில் இருக்கிறது. அவர் முதன்முதல் என் மேசைக்கு வந்தது ஒரு பனிக்காலத்தில். ஐம்பது வயது இருக்கும். உயரமான கறுப்பு மனிதர். ஹெயிட்டியில் பிறந்து, நாலு வயதில் தாயோடு மொன்றியலுக்கு வந்தவர். தலையில் மஞ்சள் கம்பளித் தொப்பி. அவருக்குக் கொடுக்க வேண்டியது எச்.ஐ.வி.க்கு எடுக்கும் குளிசை, ஒரு மாதத்துக்கு ஒரு போத்தல்.

அப்படியான மருந்துகளுக்கு எனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மண்ணிறக் கடதாசிப் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, வாயை இரண்டு தரம் மடித்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் மாதவிலக்குப் பஞ்சு கேட்டால், கடைக்காரர் முகத்தைப் பார்க்காமலே பழைய பத்திரிகையில் சுற்றி நூலால் கட்டித் தருவார். பத்திரிகையில் சுற்றிய சதுரப் பொதி ஒன்று ரோட்டில் போனால் அது என்னவென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் சுற்றுவோம். அந்தப் பழக்கத்தைத்தான் நான் விமானம் ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"எனக்கு முன்னால நிண்ட அம்மா இருமல் பாணியைக் கையிலயே கொண்டு போறா. எனக்கு மட்டும் ரெண்டு பை. கடைக்குள்ள அவ்வளவு குளிரா புள்ள, என்ட மருந்துக்கு ரெண்டு கோட்டு போட்டிரிக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பையைக் கிழித்தார். மெதுவாக, மேலிருந்து கீழ்வரை, சத்தம் கேட்கும்படி. பிறகு உள்ளே இருந்த பையையும். கிழிந்த கடதாசியை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, போத்தலைத் தூக்கிப் பிடித்து லேபிளை வாசித்தார், கடை முழுக்கக் கேட்க. வரிசையில் பின்னால் நின்ற கிழவர் இரண்டு அடி பின்வாங்கினார். இவர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"ஐயா, இது பாயாது. ஒழுங்கா எடுத்தா ரத்தத்தில கண்டுபிடிக்கவே ஏலாத அளவுக்குக் குறைஞ்சிரும். படுக்கையில கூட ஒருத்தருக்கும் தொத்தாது. கிட்ட வந்து நில்லுங்க, இல்லாட்டி உங்கட இடத்தை ஆரும் பிடிச்சிருவாங்க."

கிழவர் கிட்ட வந்து நின்றார். இடத்தை விட மனமில்லைப் போல.

எனக்குச் சரியான கோபம். நல்லது செய்யப்போய் நாலு பேர் முன்னால் மூக்குடைபட்ட கோபம். வீட்டுக்குப் போய் கணவரிடம் சொல்லிச் சொல்லிப் பொருமினேன். அந்த நேரம் என் சொந்தத் தம்பி, நோத்ர-டாம்-த-கிரேஸில் இரண்டு நண்பர்களோடு ஒரு அப்பார்ட்மெண்டில் இருந்துகொண்டு, அதே குளிசையை எப்படி ஒளித்து வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு பொருமியிருக்க மாட்டேன்.

மாதாமாதம் வந்தார். மாதாமாதம் கிழித்தார். முதலாளி ஒருநாள் உள்ளிருந்து வெளியே வந்தார். சண்டை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடும் சாதுவான மனிதர் அவர்.

"ஐயா, இது மரியாதை கருதிச் செய்யப்படுவது" என்றார் முதலாளி.

"அப்ப எல்லாருக்கும் அந்த மரியாதையைச் செய்யுங்க. வயித்தால போறதுக்கு மருந்து வாங்குறவனுக்கும் ரெண்டு பை போடுங்க."

"தங்களுக்கு என்னதான் வேண்டும்?"

"கேக்க வேணும். பை வேணுமா எண்டு எல்லாரையும் கேக்க வேணும். ஒரே பை, ஒரே குரல். வேணுமெண்டவன் வாங்கட்டும், வேணாமெண்டவன் கையில கொண்டு போகட்டும். என்ட வெக்கத்தை நீங்க எனக்காக முடிவு பண்ணாதீங்க."

முதலாளி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்று மாதம் யோசித்தார். நாலாவது மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடை நிறையச் சனம் இருக்கும் நேரம் பார்த்து, அவர் வந்தார். பின்னால் இன்னும் பத்துப் பேர். எல்லாரும் கறுப்பு ஆண்கள். ஒருவர் கோட்டும் டையும், ஒருவர் பேருந்து ஓட்டுநரின் சீருடை, ஒருவர் கைத்தடியோடு. ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் அந்தக் குளிசை இல்லை. ஒருவருக்குப் பிரஷர் மருந்து, இன்னொருவருக்குக் கண்ணுக்கு விடும் துளி. என்னவானாலும் பை கேட்டு வாங்கினார்கள், பையைக் கிழித்தார்கள், கடதாசியை மடித்து மேசையில் வைத்தார்கள், 'மெர்சி மதாம்' என்றார்கள். அடுத்தவர். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா உள்ளே வந்து, இன்றைக்கு ஏதாவது சும்மா கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

பதினோராவது பை கிழிந்தபோது முதலாளி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். கடதாசிக் குவியலை அவரே அள்ளிக்கொண்டு போனார். அன்று பின்னேரமே எங்களைக் கூப்பிட்டு, இனி எல்லோரிடமும் கேளுங்கள் என்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் கேட்பேன், பை வேண்டுமா என்று. "வேணாம் புள்ள. கேட்டதுக்கு மெர்சி" என்பார். இது ஒவ்வொரு மாதமும் நடக்கும்.

அந்தப் பத்துப் பேரும் அவருடைய சனிக்கிழமை ஆட்கள். ஒரு லாண்டரிக்கு மேலே இருந்த அறையில் கூடுவார்கள். ஆணை நேசிக்கும் கறுப்பு ஆண்கள். 'கே' என்ற சொல்லை அவர் தனக்குப் போட்டுக்கொள்ள மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அது வேற ஆக்கள்ர அளவுக்குத் தைச்ச சட்டை. எனக்குத் தோளில பிடிக்குது. நான் என்னைப்போல ஒரு ஆம்பிளையை நேசிக்கிறன். அதை அப்படியே சொல்லிட்டுப் போறனே" என்றார்.

குளிசைகளை எப்படி எடுப்பது, எப்படி வைத்திருப்பது என்று விளங்கப்படுத்த ஒருநாள் என்னை அங்கே கூப்பிட்டார். ஒரு தட்டு ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனேன். போத்தலை விட்டுக் குளிசையை வெளியே எடுத்து வைக்கக் கூடாது, போத்தலுக்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் இருக்கிறது, ஈரம் பட்டால் மருந்து கெட்டுப்போகும் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். பிறகு அவர்கள் சொல்ல நான் கேட்டேன். நோவு எங்கே என்று கேட்பதற்கு முன் எந்த நாடு என்று கேட்கும் வைத்தியர்கள். சுகாதாரப் புத்தகங்களில் சிரிக்கும் முகங்களில் ஒன்றுகூடத் தங்களைப்போல இல்லாதது. சொந்தச் சனத்தின் கோயிலில் இதைப் பேச முடியாதது, இதைப் பேசும் இடங்களில் தோலின் நிறத்தைப் பேச முடியாதது. பேசியவர் ஒருவரும் அழவில்லை. எரிச்சலோடு சொன்னார்கள், அதனால் எனக்கு நன்றாக விளங்கியது.

அவர் எரிச்சலோடு நிற்கும் ஆள் இல்லை. தன் முகத்தையே போட்டுச் சுவரொட்டி அடித்தார். கீழே பெயர், அதற்குக் கீழே 'எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, நான் நன்றாக இருக்கிறேன், சனிக்கிழமை வா' என்று. தெருவுக்குத் தெரு தெப்பனரில், அதுதான் இங்கத்தைய மூலைக்கடையில், ஒட்டினார். பிறகு ஹெயிட்டிக்காரர் ஒருவரின் சலூனைப் பிடித்தார். வெள்ளிக்கிழமைகளில் ஒரு தாதி வந்து விரல் நுனியில் குத்தி இரத்தம் சோதிப்பார். கதிரையைப் பின்னறையில் போடுவோம் என்றார் சலூன்காரர். கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் என்று இவர் நின்றார்.

"பின்னறையில வைச்சா அது களவு வேலை. ஜன்னலுக்குப் பக்கத்தில வைச்சா மயிர் வெட்டுற மாதிரி அதுவும் ஒரு வேலை."

வெள்ளிக்கிழமை தவறாமல் முதல் ஆளாக அந்தக் கதிரையில் இருந்தவர் அவர்தான். அவருக்கு என்ன முடிவு வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் விரலை நீட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து இருப்பார். வந்ததுக்குப் பிரஷரையாவது பார்க்கும்படி தாதியிடம் சொல்வார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். தாயைப் பற்றிச் சொன்னார். முதியோர் இல்லம் ஒன்றில் துடைத்துக் கழுவும் வேலை. அந்த நோய் வந்த புதிதில், ஹெயிட்டிக்காரர் என்றாலே நோய்க்காரர் என்று சனம் ஒதுங்கிய காலம். வேலை போய்விடும் என்ற பயத்தில் தாய் தன்னை மார்த்தினிக் தீவுக்காரி என்று சொல்லத் தொடங்கினார். பேச்சை மாற்றினார், சமையலை மாற்றினார், சாகும்வரை பழையபடி திரும்பவே இல்லை. "எங்கட அம்மா மார்த்தினிக்கில கால் வைச்சதே இல்ல. ஆனா மரண அறிவித்தலில அவவை மார்த்தினிக்காரியாத்தான் அனுப்பினம்" என்றார். சொல்லிவிட்டு, ரோல்ஸுக்குள் என்ன மிளகாய் போடுகிறேன் என்று கேட்டார்.

அவரை நான் சாமியாக்கப் பார்க்கவில்லை. அவர் செய்த பிழையையும் எழுத வேண்டும். ஒருநாள் மெத்ரோ மேடையில், எதிர்ப்பக்கம் நின்ற ஒருவனைக் கண்டிருக்கிறார். சனிக்கிழமைக்கு இரண்டு தரம் வந்து போனவன். இவர் கையைத் தூக்கி, "சனிக்கிழமை காணுவம்" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். அவனுக்குப் பக்கத்தில் நின்றது அவனுடைய தகப்பன். தகப்பனுக்கு இவருடைய முகம் தெரியும். வில்லரேயில் யாருக்குத்தான் தெரியாது? தெப்பனர் சுவரெல்லாம் அந்த முகம்தானே. சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்குள் அவனை வீட்டைவிட்டு வெளியே போட்டிருந்தார்கள். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. இவர் தேடாத இடம் இல்லை.

அந்த மாதம் கடைக்கு வந்தபோது, நான் வழக்கம்போலக் கேட்டேன். "போடுங்க" என்றார். போட்டேன். கிழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ட பையைத்தான் நான் கிழிக்கலாம் புள்ள. மற்றவன்ட பையைக் கிழிச்சிட்டன்" என்றார். கண் சிவந்திருந்தது. எனக்கும் அன்று அவர்மேல் கோபம்தான், ஆனாலும் பாவமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சலூனில் இரண்டு கதிரை. ஒன்று ஜன்னலடியில், மற்றது ஒரு நீலத் திரைச்சீலைக்குப் பின்னால். திரையை அவரே வாங்கி, அவரே ஏணியில் ஏறிக் கொழுவினார். வருகிறவனிடம் எந்தக் கதிரை என்று கேட்பார். தான் மட்டும் ஜன்னலடிக் கதிரையை விடவில்லை. சுவரொட்டியையும் கழற்றவில்லை. பயந்துவிட்டார் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்.

இதெல்லாம் நடந்த வருடம்தான் நான் தம்பியின் குசினியில் அந்தத் தகரத்தைத் திறந்தேன்.

தம்பிக்கு அப்போது முப்பத்தாறு வயது. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. ஆள் மெலிந்துகொண்டே போகிறானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்துக் கொடுக்கப் போனேன். சம்பல் இடிக்க மாசிக் கருவாட்டுத்தூள் தகரத்தை எடுத்தேன். அவனோடு இருந்த இரண்டு பேரும் சைவம், மாசித் தகரத்தைத் தொடவே மாட்டார்கள். மூடியைத் திறந்தால், தூளுக்கு மேலே ஒரு பேப்பர் துவாய்ச் சுருள். அதற்குள் குளிசைகள். தினமும் என் கையால் சரிபார்த்துக் கொடுக்கும் குளிசையின் நிறமும் அதில் பொறித்த எழுத்தும் எனக்குத் தெரியாதா? விளிம்பெல்லாம் ஊறி மாவாகியிருந்தது. மாசி மணத்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சுருளைத் திரும்ப மடித்து, மூடியை இறுக்கி மூடி, தகரத்தை இருந்த இடத்தில் வைத்தேன். சம்பலுக்கு மாசி போடவில்லை. தம்பி கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றேன்.

ஒரு மாதம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை லாண்டரிக்கு மேலே போய், எல்லாரும் போனபின் அவரிடம் சொன்னேன். தம்பி என்று சொல்லவில்லை, தெரிந்த ஒரு ஆள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"கண்டீங்க. மறுகா மூடினீங்களா?"

"மூடினன்."

"மருந்து நனைஞ்சு கிடக்கெண்டு கண்டும் மூடினீங்களா?"

"மற்றவன்ட பையைக் கிழிக்க ஏலா எண்டு நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.

அவர் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். கடைசிக் கதிரையை அடுக்காமல் அதிலே இருந்தார்.

"கிழிக்க வேணாம். ஏன், எப்படி, ஆரோட எண்டு ஒண்டும் கேக்க வேணாம். குளிசை நனைஞ்சு போச்சு எண்டு மட்டும் சொல்லுங்க. அது மருந்துக்கடைக்காரியிட வேலை. நான் ஒருத்தனைத் தொலைச்சிட்டன் புள்ள. நீங்களும் தொலைக்காதீங்க."

வாசல்வரை வந்தபோது இன்னொன்றும் சொன்னார். "உங்கட தம்பி இங்க வந்தா தேத்தண்ணி குடுப்பன். ஆனா இது எங்கட ஆக்களுக்கு நாங்க கட்டினது. உங்கட ஆக்களுக்கு ஒண்டை உங்கட ஆக்கள்தான் கட்ட வேணும். கெதியாக் கட்டுங்க." தம்பி என்று நான் சொல்லவே இல்லை.

அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"தம்பி, அந்தக் குளிசையைப் போத்தலை விட்டு எடுக்கக் கூடாது. ஈரம் பட்டா வேலை செய்யாது. மாசித் தகரத்துக்குள்ள இரிக்கிறது எல்லாம் பழுது."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நண்பர்களுக்குக் கேட்காத இடத்துக்குப் போயிருக்கிறான்.

"நான் ஒருநாளும் விடல அக்கா" என்றான். "ஒவ்வொரு நாளும் எடுத்தனான். ரத்தச் சோதனை பிழைச்சுப் போச்சு. டொக்டர் என்னை நம்புறாரில்ல, எடுக்காம விட்டிட்டு எடுத்ததெண்டு சொல்லுறன் எண்டு நினைக்கிறார். நான் எடுத்தனான் அக்கா."

"நான் நம்புறன்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். எனக்கு வந்த அழுகையில் பாதி, அந்த ஒரு மாதத்துக்காக. அவன் ஊறிப்போன குளிசையை நம்பி விழுங்கிக்கொண்டிருந்தபோது நான் மூடியை மூடிவிட்டு வந்தவள். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தம்பி வைத்தியரிடம் தகரத்தையே கொண்டுபோய்க் காட்டினான். புதுப் போத்தல் எழுதிக் கொடுத்தார். இரத்தம் மெல்ல மெல்லச் சரிவந்தது.

அவர் அதற்குப் பிறகு அதிக காலம் மொன்றியலில் இருக்கவில்லை. வேறொரு நகரத்தில் இதே வேலையைத் தொடங்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். கடைசி முறை வந்தபோதும் பை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், மெர்சி சொன்னார், போனார். சனிக்கிழமை அறையை அந்தப் பேருந்து ஓட்டுநர் நடத்துகிறார். நீலத் திரை இன்னும் சலூனில் இருக்கிறது.

போன வசந்தத்தில் ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், என் மேசைக்கு முன்னால் தம்பி. பண்டகசாலைக்குப் பக்கத்துக் கடையிலிருந்து மருந்துச் சீட்டை எங்கள் கடைக்கு மாற்றியிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றது, எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் பாடும் மன்னார் அக்கா. அவவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால், அது தம்பி வேலை செய்யும் புவாண்ட்-கிளேருக்குப் போய்ச் சேரப் பேருந்து தேவையில்லை.

போத்தலை எடுத்தேன். என் இடது கை தானாக மண்ணிறப் பைக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். எல்லாரையும் கேட்கும் அதே குரலில் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

"பை வேணுமா?"

"வேணாம்" என்றான் தம்பி.

மன்னார் அக்கா எட்டிப் பார்த்தா. "என்ன தம்பி, சுகமில்லையோ? என்ன குளிசை இது?"

"எச்.ஐ.வி.க்கு எடுக்கிற குளிசை அக்கா. ஒவ்வொரு நாளும் ஒண்டு."

கடையில் யாரும் அசையவில்லை என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் எல்லாரும் தங்கள் பாட்டில்தான் நின்றிருப்பார்கள். அக்கா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தா.

"சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?"

"எப்பவும் எடுக்கலாம் அக்கா."

"சாப்பிட்டிட்டே எடும். ஆள் மெலிஞ்சு கிடக்கிறீர்" என்றா.

தம்பி தலையாட்டிவிட்டுப் போனான். அக்கா கிட்ட வந்தா. அவவுடைய மருந்தை எடுத்தேன். அது என்ன மருந்து என்று நான் சொல்லமாட்டேன், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பை வேண்டுமா என்று கேட்டேன். அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"ரெண்டு போடும் பிள்ளை."

இரண்டு போட்டேன். வாயை இரண்டு தரம் மடித்து ஸ்டேப்ளரும் அடித்தேன். கண்ணாடிக்கு வெளியே பேருந்துத் தரிப்பில் தம்பி நின்றுகொண்டிருந்தான். போத்தல் கையில் இருந்தது. அதை அவன் சட்டைப்பைக்குள் போடவில்லை.